நமுனுகுலைக்கு ஏறிய வீதி

வெள்ளவத்தை
நவம்பர் 21

அன்புள்ள தம்பி லோகேஸ்,

உனக்குப் போன் எடுத்தால் போகவில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் இந்த மெயிலையாவது பார். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. பதுளைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் சொல்கிறார்கள். மாவட்டத்துக்கு ஓர் உச்சி என்று நீயும் இப்திகாரும் ஏறியது போதாதா? மேல்மாடியில் அவன் மனைவி லுத்பியா கைக்குழந்தையோடு தனியே இருக்கிறாள். நேற்றும் இறங்கி வந்து, "அக்கா, இவங்க ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. திரும்பி வாருங்கள்.

உன் அக்கா,
அருந்ததி

பண்டாரவளை
நவம்பர் 22

அன்புள்ள அக்கா,

பயப்படாதே. விடுதியில் சூடான தேநீரோடு இருக்கிறோம். வீட்டுக்குப் போவோம் என்றுதான் இப்திகார் நிற்கிறான். நான்தான், "இன்னும் ஒரு உச்சிதானே மச்சான், நமுனுகுலையோட முடிச்சிடுவம்" என்று மறித்து வைத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இன்று வந்த வழியில் ஒரு தேயிலை மேடு வெடித்து, வேலிக்கம்பிகள் வீதிக்கு மேல் சாய்ந்து நின்றன. அதிலிருந்து எனக்கும் பயம்தான். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே காரைத் திருப்பிவிடுவான்.

அன்புத் தம்பி,
லோகேஸ்வரன்

பதுளை
நவம்பர் 24

அக்கா,

உயிரோடு இருக்கிறோம். போனில் சொல்ல வாய் வராது. இதை யாருக்கும் காட்டாதே.

நேற்றுக் காலை ஏற்றத்தில் போகும்போது, லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். நிமிர்வதற்குள் சேறு வந்து மோதி, கார் பள்ளத்துப் பக்கம் சரிந்தது. நான் கதவைத் திறந்து ஓடினேன்.

"லோகேஸ், பெல்ட் கழருதில்லடா!"

தெளிவாகக் கேட்டது அக்கா. கேட்டும் ஓடினேன். வளைவு தாண்டிக் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரும்பிப் போனபோது அவன் தானாகவே வெளியே வந்து வீதியில் கிடந்தான், தோளெல்லாம் இரத்தம். கார் பள்ளத்துக்குள் போயிருந்தது. என்னைப் பார்த்து, "உனக்கு ஒண்டுமில்லயே?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். அவன் கண் விழித்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

லோகேஸ்

வெள்ளவத்தை
நவம்பர் 24

அன்புள்ள தம்பி,

உன் மெயில் வருவதற்கு முன்னால் லுத்பியா வந்துவிட்டாள். இப்திகார் அவளோடு போனில் கதைத்திருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "லோகேஸ் தம்பிதான் பெல்ட்ட அறுத்து இவங்கள வெளிய இழுத்தாராம் அக்கா. இல்லாட்டி எங்கட புள்ளக்கி வாப்பா இல்ல" என்றாள். நானும் பெருமையாக, "அவன் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் உன் மெயிலை வாசித்தேன். உண்மையைச் சொல்லப் படியேறினேன். பாதிப் படியில் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். உன்னைப் பேச எனக்கும் வாய் இல்லை.

அவன் உனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அதை நீ வைத்துக்கொள்ளக் கூடாது. கொழும்புக்கு வந்ததும் நேரே மேல்மாடிக்குப் போ. அவளிடம் நீயே சொல். அவள் என்ன பேசினாலும் நின்று கேள். அதன் பிறகு எத்தனை மணியானாலும் என்னிடம் இறங்கி வா, சாப்பாடு இருக்கும்.

சொல்லாமல் வந்தால் என் கதவைத் தட்டாதே.

அக்கா