எட்டாவது உறை

மைசூர்
12-9-1956

நம்பிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கல்கத்தாக் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. காசநோய் ஆஸ்பத்திரியில் 24ஆம் தேதி திங்கட்கிழமை சேர்த்துக்கொள்கிறார்களாம். அங்கே பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மற்றவர்களுக்குப் பழைய ஊசி. யாருக்கு எது என்பது, அம்மாவுக்கு நோய் வருமுன்பே நீ கணக்கு யந்திரத்தில் எடுத்துக் கொடுத்த எண்களின்படி எழுதி ஒட்டிய உறைகளில் இருக்கிறது. நோயாளிகள் சேரும் வரிசைப்படி டாக்டர் பிரிக்கிறார். இரட்டைப்படை எண் என்றால் மாத்திரை.

அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நான்தான் உன்னைக் கேட்டேன். நான்கு இலக்க எண்ணை அதனாலேயே பெருக்கி, விடையின் நடு நான்கு இலக்கங்களை எடுத்து, அதை மறுபடி பெருக்கிக்கொண்டே போவது என்று எழுதினாய். அப்படியானால் யந்திரம் சீட்டுக் குலுக்குவதில்லை. தொடக்க எண் தெரியாதவனுக்கு மட்டுமே அது குலுக்கல்.

எதையும் அம்மாவை நினைத்துத் தொடங்குகிறவன் நீ. அவள் பிறந்த 1903ஐப் பெருக்கிப் பார்த்தேன். 6214, 6137, 6627 என்று போகிறது. இதுவரை சேர்ந்த ஏழு பேருக்கும் கிடைத்ததோடு அப்படியே பொருந்துகிறது. ஏழும் தற்செயலாகப் பொருந்த நூற்றிருபத்தெட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதையே நம்ப ஆசைப்படுகிறேன்.

எட்டாவது ஒற்றை. ஒன்பதாவது இரட்டை.

அந்தத் திங்கட்கிழமை சேருகிறவர்கள் இருவர்தான். அம்மாவும், கொள்ளேகாலத்துப் பழனாத்தாள் என்ற பட்டு ஆலைக்காரியும். நேற்று எக்ஸ்ரே வாசலில், "இங்க எமனே வந்தாலும் டோக்கன் குடுத்து உக்கார வெச்சுருவாங்க சாமி" என்று அவள் சிரித்தாள். பிறகு, "அம்மிணி ரொம்ப இருமுதுங்க, மொதல்ல போகட்டுங்க" என்றாள். "நீ கைக்குழந்தைக்காரி, நீ போம்மா, எனக்கென்ன அவசரம்" என்று அம்மா வழிவிட்டாள். எந்த வரிசையிலும் அவள் அப்படித்தான். திங்கட்கிழமையும் அப்படியே சொல்வாள். நான் வாய் திறக்காமல் நின்றால் போதும், மாத்திரை நமக்கு. அம்மாவை முந்தி அனுப்பினாலோ, தெரிந்தே அவளுக்கு மாத்திரை இல்லையென்று ஆக்குகிறேன்.

எது நல்லது என்று இன்னும் தெரியாது என்கிறார் டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் முகம் தெளிந்து வருவதை நான் பார்க்கிறேன்.

தற்செயல் என்பது எண்களின் குணம் என்று நினைத்திருந்தேன். யாருடைய ஆசையும் எட்டாத இடத்தில் அவற்றை வைப்பதுதான் அது என்று இப்போது தோன்றுகிறது. நான் தவறாகவும் இருக்கலாம். யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். "கணக்குப் போட்டே மூஞ்சி வத்திப்போச்சு, காபியைக் குடிங்கோ" என்கிறாள் அம்மா. என்ன கணக்கென்று அவளுக்குத் தெரியாது.

நீ டாக்டருக்குத் தந்தி அடி. மீதி உறைகளைக் கிழித்துவிடச் சொல். புது எண்களை நம் குடும்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கு. அது எதுவென்று எனக்கு எழுதாதே, நான் கேட்டாலும் சொல்லாதே. நானே டாக்டரிடம் சொல்லலாம் என்பாய். அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். தந்தி வராவிட்டால் திங்கட்கிழமை நான் எப்படி நடந்துகொள்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேல்கோட்டைப் பெருமாள் உன்னைத் தீர்க்காயுசாக வைக்கட்டும். தாமதிக்காதே, நம்பி.

இப்படிக்கு,
நரசிம்மமூர்த்தி