உப்பின் மேல் நிக்கல்

1983 செப்டம்பர் 11, ஞாயிறு. உத்திரமேரூர்

பத்தாம் வகுப்புத் தாள்கள் ஒரு கட்டு திருத்தாமல் கிடக்கின்றன. கிடக்கட்டும். இன்று ஏழாவது நிக்கல் படலத்தை அளந்தேன். நாற்பத்திரண்டு கட்டம்! முந்தைய ஆறும் ஏறக்குறைய இதேதான்.

அளப்பதற்குப் பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. கட்டைவிரல் நகம் அளவு உப்புப் படிகம், மேலே நிக்கலை ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய பூச்சு, அதுதான் படலம். அதை ஓர் இழையில் தொங்கவிட்டுச் சுற்றிலும் காந்தத்தைத் திருப்பினால் படிகம் இம்மி முறுக்கிக்கொள்ளும். கூடவே தொங்கும் கண்ணாடித் துண்டு காட்டும் வெளிச்சப் புள்ளி சுவரில் ஒட்டிய கட்டத்தாளில் நகரும். சென்னை ஆய்வகத்தில் அளந்தால், பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் புள்ளி ஆடித் தொலைக்கும். அதனால்தான் வீட்டில் இந்த அறை. காந்தம் என் வீட்டுக்காரர் தானியேல் செய்தது. பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற கை.

படிகத்தை லேசாகச் சாய்த்து வெட்டிச் சூடாக்கினால் அதன் முகத்தில் கண்ணுக்கெட்டாத படிக்கட்டுகள் உண்டாகும். நிக்கலின் காந்தம் அந்தப் படிகளின் நீளவாக்கில் நிற்கவே விரும்புகிறது. — இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஏழு வருஷம்! நவம்பர் 30க்குள் ஆய்வுச் சுருக்கம் கொடுக்காவிட்டால் பி.எச்டி. பதிவு ரத்து.

அக்டோபர் 15, சனி

சுருக்கத்தில் கருவியின் படம் வேண்டும் என்று சென்னைக்குப் போய், நிக்கலை ஆவியாக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே வரைந்திருக்கலாம்.

நிக்கல் வைக்கும் கிண்ணம் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது! ஆய்வக உதவியாளர் பஞ்சாட்சரத்தைக் கேட்டேன். “நடு கம்பி ஒடஞ்சி ரெண்டு வருசம் ஆவுதும்மா. ஓரத்து கம்பியிலதான் மாட்டிக்கினு கீறேன். ஒங்க வேலை நிக்கக் கூடாதுன்னுதான்...”

திட்டவும் வாய் வரவில்லை. நல்லதுதானே நினைத்தார்? ஆனால் நிக்கல் ஆவி சாய்வாக வந்து படிந்தாலே காந்தத்துக்கு ஒரு திசை பிடித்துப்போகும். படி எதுவும் தேவையில்லை. படிகத்தின் குறியிட்ட மூலையை அவர் எப்போதும் கதவுப் பக்கமே வைப்பார். அந்த ஒழுங்கை நானே பாராட்டியிருக்கிறேன். ஆக ஏழு தடவையும் ஒரே சாய்வு, ஒரே பக்கம். நான் அளந்தது படியையா, பஞ்சாட்சரத்தின் கிண்ணத்தையா?

அக்டோபர் 16

யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால்?

அக்டோபர் 17

சோதனை சுலபம். கூண்டில் படிகத்தைக் கால் வட்டம் திருப்பி மாட்டிப் பூச வேண்டும். காரணம் படிகள் என்றால் காந்தத் திசை படிகத்தோடு திரும்பும். ஆவியின் சாய்வு என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். கையில் ஒரே ஒரு படிகம்தான் மிச்சம். புதிது வர நாலு மாதம் ஆகும். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈரத்தை உறிஞ்சப் புட்டியில் போட்ட நீல மணிகள் பாதி ரோஜா நிறமாகிவிட்டன. உப்பு நனைந்தால் படிகள் கரைந்துபோகும். பயமாக இருக்கிறது.

தானியேல் கேட்டார்: “இன்னா, பேஜார் புடிச்ச மாதிரி குந்திக்கினு கீற?” எல்லாவற்றையும் கொட்டினேன். “இப்ப பாக்காம வுட்டுட்டா அப்பால தூக்கம் வருமா ஒனக்கு?” என்றார். வராது.

அக்டோபர் 29, சனி

திருப்பி மாட்டிப் பூசியாகிவிட்டது. பஞ்சாட்சரம் குறியிட்ட மூலையை இரண்டு தடவை சரிபார்த்தார்.

அக்டோபர் 30, ஞாயிறு

திசை திரும்பியது. படிகளோடே திரும்பியது! கத்திவிட்டேன்.

அப்புறம் கட்டத்தை எண்ணினேன். பதினெட்டு. மூன்று தடவை எண்ணியும் பதினெட்டுதான். நாற்பத்திரண்டு எங்கே போச்சு? இழை கெட்டதா, உப்பு நனைந்ததா, என் தலையெழுத்தா? அழுகையே வந்துவிட்டது.

தானியேல் தாளை வாங்கிப் பார்த்தார். “ரெண்டு காயிலு ஒரே பக்கம் இழுத்தா கூடும். ஒண்ணத் திருப்பி மாட்டினா கழியும். இதுல இன்னா கீது அழறதுக்கு?”

எனக்கு ஏன் தோன்றவில்லை? முன்பு படியும் சாய்வும் சேர்ந்து இழுத்தன, நாற்பத்திரண்டு. இந்த இழுப்புக்குக் கால் வட்டம் திரும்பினாலே நேரெதிர்; இப்போது எதிரெதிராக இழுக்கின்றன, பதினெட்டு. அப்படியென்றால் படிக்கு முப்பது, சாய்வுக்குப் பன்னிரண்டு. என் வேலை பொய்யாகப் போகவில்லை. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இழையும் சரி, உப்பும் சரி. மனுஷருக்குச் சோறு போடக்கூட மறந்துபோனேன்.

நவம்பர் 12, சனி

கோமளவல்லி மேடத்திடம் சொல்லிவிட்டேன். என் நெறியாளர், கோபக்காரர். அலமாரியைத் திறந்து அந்த இதழை எடுத்துப் படித்தார். போன வருஷக் கட்டுரையில் நாற்பத்திரண்டும் படியால்தான் என்று இருவர் பெயரிலும் அச்சாகியிருக்கிறதே! கடைசியில், “என் பேரும்தானே இருக்கு. திருத்தத்தை நான் எழுதறேன். நீ சுருக்கத்தை முடி” என்றார்.

நவம்பர் 28

கொடுத்தாயிற்று. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் வாலாஜாபாத் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், உறைக்கவில்லை.

1984 பிப்ரவரி 19, ஞாயிறு

சுலோச்சனா என்று ஒரு பெண்ணிடமிருந்து கார்டு. மேடத்திடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். ‘உங்கள் முப்பதை என்னால் நம்ப முடியவில்லை. என் படிகத்தை எடுத்துவந்து நானே அளந்து பார்க்கலாமா?’ என்று எழுதியிருக்கிறாள். என்ன துணிச்சல்!

சனிக்கிழமை வரச் சொல்லி, பஸ் நேரமும் எழுதிப் போட்டுவிட்டேன். நன்றாகத் துருவிப் பார்க்கட்டும்.