முப்பத்தெட்டு டிகிரி

21 ஜனவரி 2025, செவ்வாய்

இருபத்து நான்கு பிளஸ் டூ பெண்கள். இருபத்து மூன்று பேருக்கு பூமியின் கிடைத்தளக் காந்தப்புலம் ஒரே எண்: 4.0. பத்தின் அடுக்கு மைனஸ் ஐந்து டெஸ்லா. புத்தக மதிப்பு. போன வருஷ ரெக்கார்டு நோட்டுக்குத்தான் இந்தப் பெருமையெல்லாம் போக வேண்டும்.

ஃபரீதாவுக்கு மட்டும் 5.1. சுருளில் மின்னோட்டம் விட்டதும் நாற்பத்தைந்து டிகிரி விலக வேண்டிய காந்த முள் முப்பத்தெட்டில் நிற்கிறதாம். மின்னோட்டத்தின் திசையை மாற்றினாலும் அதே முப்பத்தெட்டு.

லேப் அட்டெண்டர் ராக்கப்பன், "எல்லாப் பிள்ளைகளுக்கும் நாலு வருது டீச்சர். இந்தப் பிள்ளைக்கு மட்டும் முள்ளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றார். வகுப்பே சிரித்தது.

"அழித்துவிட்டு ஒழுங்காக எழுது" என்றேன். எல்லார் முன்னாலும்.

"நாலு தடவ பாத்தேன் மிஸ்."

"அஞ்சாவது தடவை புத்தகத்தைப் பார்."

அழித்தாள். போகும்போது வழக்கம்போல "வாரேன் மிஸ்" என்றாள்.

22 ஜனவரி

ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். முழங்கால் வலி. ஃபரீதாவின் நான்கு அளவுகளும் ஒத்துப்போகின்றன, விடை மட்டும் தப்பு. கவனக்குறைவு அப்படியா இருக்கும்?

23 ஜனவரி, வியாழன்

பள்ளி விட்ட பிறகு நானே செய்து பார்த்தேன். முப்பத்தெட்டு.

சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அது முள்ளை ஒரு பக்கம் இழுக்கும். பூமி வடக்கே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே முள் நிற்கும் கோணம்தான் கணக்கு. முள் குறைவாக விலகினால் பூமியின் பக்கம் யாரோ சேர்ந்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம். யார்?

சின்ன காம்பஸை மேஜை மேல் நகர்த்தினேன். மேஜைக்கு அடியில் ஓடும் நடுக்குழாய்க்கு மேலே வந்ததும் முள் தலையைத் திருப்பியது.

மேஜை! போன ஜூனில் பழைய மாணவிகள் நன்கொடையாகக் கொடுத்த இரும்பு மேஜைகள். பித்தளைத் தகட்டில் பதினெட்டுப் பெயர்கள். பழைய மர மேஜைகள் சைக்கிள் ஷெட்டில் கிடக்கின்றன. ஒன்றைத் துடைத்துக் கருவியை அதன் மேல் வைத்தேன். நாற்பத்தைந்து.

அவள் எழுதியது சரி. அந்த மேஜை மேல் அதுதான் உண்மை. ஜூனிலிருந்து அங்கே 4.0 எழுதிய ஒவ்வொருத்தியும் முள்ளைப் பார்க்காமல் எழுதியவள். அத்தனைக்கும் டிக் போட்டு கையெழுத்திட்டவள் நான். மதுரையில் எம்.எஸ்ஸி. படிக்கையில் நானும் விடையிலிருந்து பின்னோக்கி நடந்தவள்தானே.

27 ஜனவரி, திங்கள்

இரும்பு மேஜைகளை மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் லக்ஷ்மிநரசிம்மனிடம் சொன்னேன்.

"பரீட்சை நேரத்துல மேஜையக் கிளப்பாதீங்கம்மா. குடுத்தவிய அடுத்த மாசம் ஆண்டு விழாவுக்கு வாராங்க. தகடு எங்கன்னு தேடுவாங்க."

"முள் தப்பாகக் காட்டுகிறது சார்."

"பிள்ளைக எல்லாம் சரியாத்தான எழுதுதுக?"



ஃபரீதாவிடம் இன்று சொல்லவில்லை. வகுப்பில் நேரமில்லை.

30 ஜனவரி

இன்றும் சொல்லவில்லை. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, அவளைக் குழப்ப வேண்டாம் — இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குழப்பமா? எல்லார் முன்னாலும் அழிக்கச் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்பப் பெற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். வாய் வர மாட்டேங்குது.

10 பிப்ரவரி

ராக்கப்பனை விட்டு ஒரு மர மேஜையை லேபுக்குள் போட வைத்தேன். மதியத்துக்குள் தலைமையாசிரியர் திரும்ப ஷெட்டுக்கே அனுப்பிவிட்டார். சே!

11 பிப்ரவரி, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. குலுக்கல் சீட்டில் ஃபரீதாவுக்கு அதே சோதனை. அதே இரும்பு மேஜை.

தளவாய்புரத்திலிருந்து வந்த புறத்தேர்வாளர் அவள் தாளை என்னிடம் நீட்டினார். "இம்புட்டு துல்லியமா யாரும் செய்யல மேடம்." நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. விடை 4.0. முழு மதிப்பெண். நானும் கையெழுத்திட்டேன்.

வராந்தாவில் காத்திருந்தாள்.

"முள்ளு இன்னைக்கும் முப்பத்தெட்டுலதான் நின்னுச்சு மிஸ். நீங்க சொன்ன மாதிரியே நாப்பத்தஞ்சுன்னு போட்டுட்டேன்."

அப்போதுதான் வாய் வந்தது. "மேஜை இரும்பு. அன்றைக்கு நீ எழுதினதுதான் சரி, ஃபரீதா."



"ஒங்களுக்கு எப்ப தெரியும் மிஸ்?"

"முன்னாடியே" என்றேன். தேதியைச் சொல்லவில்லை.

பென்சில் டப்பாவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். படியிறங்கிப் போனாள். "வாரேன் மிஸ்" என்று சொல்லவில்லை.