சுவரில் இருக்கும் முதுகு

பிரன்ஸ்விக், மெல்போர்ன்
ஞாயிறு காலை

அன்புள்ள லாக்லனுக்கு,

நானும் குழந்தை மெலினாவும் நலம். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போன் செய்தால், வேலை செய்கிற எரிவாயு வயலில் சிக்னல் இல்லை என்று பாதியில் நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம். கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் செய்தி. மாடிக் குளியலறையில் தரை சூடாகிற ஏற்பாடு மறுபடி கெட்டுவிட்டது. சமையலறையில் அந்த இத்தாலியப் பளிங்கின் மேல் மாதுளைச் சாறு கொட்டிவிட்டது, கறை போகவே இல்லை. போகாவிட்டால் போகட்டும். மெலினாவுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. உள் மாடிப்படியின் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அதையே கடிக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நம் கட்டடத்துக் குடியிருப்போர் கூட்டம், கீழே வரவேற்புக் கூடத்தில் நடந்தது. பக்கத்து பப்பில் இரவு பத்து மணிக்கு மேல் கச்சேரி கூடாது என்று நகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறார்களாம். அங்கே முதல் குழுவே ஒன்பதரைக்குத்தான் மேடை ஏறும் என்று உனக்குத் தெரியாதா? பத்து மணிக்கு நிறுத்தச் சொன்னால் நோரீன் பப்பை இழுத்து மூட வேண்டியதுதான். பாவம், அவளும் வந்திருந்தாள். தலையை வாரி, இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சங்கத் தலைவி ப்ரூடன்ஸ் எழுந்து, "நாங்க ஒண்ணும் பாட்டுக்கு எதிரி இல்லீங்க. கலைஞருங்க வாழற இடம்னுதானே ஆசைப்பட்டு இங்க வீடு வாங்கினோம். அந்தக் கலை கொஞ்சம் சீக்கிரமா தூங்கப் போகட்டுமேன்னுதான் கேக்கறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நின்றது எங்கே தெரியுமா? கூடத்துச் சுவரை அடைத்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறார்களே, நோரீனின் மேடையில் உங்கள் குழு வாசிக்கிற படம், அதற்கு நேர் கீழே. அந்தப் படத்தைக் காட்டித்தானே இந்த வீடுகளையே விற்றார்கள்!

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "ஏங்க, இந்தப் படத்துல முதுகக் காட்டிக்கிட்டு டிரம்ஸ் வாசிக்கிறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? என் புருஷன்! பாட்டு வேணாம்னா மொதல்ல இந்தப் படத்தக் கழட்டுங்க" என்று கத்தினேன்.

ப்ரூடன்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "டெஸ்பினா, மனு கொடுக்கலாம்னு ஆரம்பிச்சு வச்சதே உங்க வீட்டுக்காரர்தாம்மா. குழந்தை ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குதுன்னு அவர்தான் மொதல்ல எழுதினாரு. உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள்.

நீ சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் அவள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். வெளியே வந்தபோது நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்த தூங்கலேன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு. லாக்லன் கேட்டு நான் எதையாவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன் டிரம்ஸ் திருடு போனபோது புதுசு வாங்கிக் கொடுத்தது யார்? நம் கல்யாண விருந்து யார் மேடையில் நடந்தது? உனக்கு வெட்கமாக இல்லையா, லாக்லன்?

அதுவும், குழந்தையை ஏன் இழுத்தாய்? அவள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாசிக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் இவள் விரல் வாய்க்குப் போகிறது. பப்புக்கு விடுமுறையான திங்கட்கிழமைதான் அழுது ஊரைக் கூட்டுகிறாள். அவளுக்குப் பேச்சு வந்திருந்தால் கூட்டத்திலேயே உன்னைப் பொய்யன் என்று சொல்லியிருப்பாள்.

தூங்காதது நீ. விடுப்பில் வரும்போதெல்லாம் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு படுக்கிறாய். ஆனால் உன் விரல்கள் போர்வை மேல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். இந்த இரண்டு மாடி வீட்டுக்காகத்தான் டிரம்ஸ் குச்சிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்தப் பொட்டல் வெயிலுக்குப் போனாய். இப்போது வேறொருவன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க உன்னால் முடியவில்லை. அதை என்னிடம் சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். நீ என்னடாவென்றால் நோரீனின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறாய்.

வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன் நகராட்சியில் விசாரணை. நான் நோரீன் பக்கத்தில் உட்காரப் போகிறேன். குழந்தையைப் பற்றி எழுதியது பொய் என்று நீயே வந்து சொல். நீ சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன், உன் மானம் போனாலும் சரி. பாட்டைக் கேட்கவே முடியாது என்றால் இந்த வீட்டை விற்றுவிட்டுப் போவோம். கண்ணாடிச் சுவரும் பளிங்கும் இல்லாமல் நான் செத்துவிட மாட்டேன். வாசித்தால்தான் ஆறும் என்றால், உன் டிரம்ஸ் மாடிப்படிக்கு அடியில் அப்படியே இருக்கிறது. நேற்று உறையைக் கழற்றித் துடைத்து வைத்தேன். பாசத்தில் துடைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, கோபத்தில் கை சும்மா இருக்கவில்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நிறையத் தண்ணீர் குடி. லிஃப்ட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவரில் உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. விசாரணைக்கு முன்னால் வந்து, நோரீனுக்கு உன் முகத்தைக் காட்டு.

இன்னமும் உன்னுடைய,
டெஸ்பினா