இடுப்பிலிருந்து கன்னத்துக்கு

என் வீட்டுக்காரருக்கு,

கன்னத்துக்குள் சிலிகான் வைக்கும் பக்கத்தை மடித்து, ஆஸ்பத்திரிக் கையேட்டை என் தலையணைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறீர்கள். வாயால் சொல்லியிருக்கலாம். ஸ்டுடியோவில் நாள் முழுக்க ஊரார் முகத்தைப் படம் எடுக்கிறவளுக்குத் தன் கன்னம் ஒட்டிப்போனது தெரியாதா?

தனியாகவே போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். “சிலிகான் அப்படியே நிக்கும். உங்க இடுப்புக் கொழுப்பை எடுத்து வெச்சா கொஞ்சம் கரையும், மறுபடி வரவேண்டியிருக்கும்,” என்றார்.

“வர்றேன். என்னோடதே இருக்கட்டும்,” என்றேன்.

சொந்தக்காரர்கள் முன்னால் “டயர்” என்று தட்டிக் காட்டிச் சிரிப்பீர்களே, அந்த இடுப்புச் சதைதான் வெள்ளிக்கிழமை என் கன்னத்துக்கு ஏறுகிறது. இனி அதைக் கேலி செய்வதென்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

சொந்தச் சதையோடு,
உங்கள் பெண்டாட்டி