உன் அறையில் நிற்கும் சைக்கிள்

அன்பு மகன் ஹான்கியோலுக்கு,

ஜெச்சோனிலிருந்து அம்மா எழுதுவது. நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை, சிட்னி கடற்கரையில் சைக்கிளோடு நிற்கும் உன் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. நாங்கள் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

இங்கே ஆறு உறைந்து கல்லாகக் கிடக்கிறது. நீ அங்கே அரைக்கால் சட்டையோடு வெயிலில் நின்றுகொண்டு, அப்பா குளிர்காலத்தில் நடக்கப் போவதில்லை, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கட்டும் என்று முடிவு செய்தாய். எங்களை ஒரு வார்த்தை கேட்டாயா? சைக்கிள் பெட்டி வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் சொன்னாய். அப்புறம் போனைக் கையில் கொடுத்து வீடு முழுக்க என்னை நடக்கவைத்தாய், இங்கே காட்டு அங்கே காட்டு என்று, கடைசியில் உன் அறைதான் தோது என்றாய். அந்த அறையில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாததல்ல. சோயாவை வேகவைத்து இடித்து நான் பிடித்த மேஜுக் கட்டிகளெல்லாம் வைக்கோலின் மேல் போர்வைக்குள் படுத்திருந்தன. நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அடியில் வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடேறும் அந்தத் தரையில்தான் அவை நொதிக்கும். "அம்மா, அந்த நாத்தம் புடிச்ச கட்டிங்களை முதல்ல வெளிய எடுங்க, மிதிக்கிறவருக்கு மூச்சு முட்டும்" என்றாய். தரைச்சூட்டை நிறுத்து, ஜன்னலைத் திறந்து வை, மின்விசிறி வை என்றாய். ஜெச்சோனில், டிசம்பரில், உறை போட்டுப் பரண்மேல் ஏற்றிய மின்விசிறியை நாங்கள் இறக்கினோம். அடியில் ரப்பர் விரிப்பு, கைப்பிடியில் துண்டு, எதிரே உன் படிப்பு மேஜையில் நீ அனுப்பிய திரை. உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பால்கனிக்குப் போன மேஜு இரவில் உறைந்து பகலில் இளகி, உள்ளே கறுத்துப் பிசுபிசுத்துவிட்டது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். வசந்தத்தில் "அம்மா, சோயா விழுது தீர்ந்துபோச்சு, அனுப்புங்க" என்று எழுதுவாயே, இந்த வருஷம் எழுதாதே, இல்லை.

முதல் வாரம் மிதித்தார். சைக்கிளோடு வந்த, துடிப்பை எண்ணும் பட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, தன் இதயத் துடிப்பு கடல் தாண்டி உன் போனில் வருகிறது என்று கீழ்வீட்டு ஒக்புன் வரை சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். அவளோ என்னிடம் "ஏங்க ஹான்கியோலம்மா, மேல மாவு மில்லு எதுவும் வெச்சிட்டீங்களா? என் கூரை உறுமுதே" என்றாள். அப்புறம் ஒருநாள் பாதியில் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, சந்திரப் புத்தாண்டு முடிந்ததும் சியோலில் அறுவை செய்தாக வேண்டும், அதுவரை சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பா சொன்னது இதுதான்: "பையன்கிட்ட வாயைத் தொறக்காதே. தன்னாலதான் வந்துச்சுன்னு நெனப்பான். புத்தாண்டுக்கு வரத்தானே போறான், நேர்ல சொல்லிக்கலாம்."

அன்று உன் போன் திரையில் துடிப்பு எதுவும் வராததைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாய், "ஏம்ப்பா இன்னைக்கு மிதிக்கலை?" என்று. "உங்கம்மா முள்ளங்கி சீவச் சொல்லிட்டாடா" என்று என் தலையில் போட்டார். மறுநாள் அந்தப் பட்டையை நான் கட்டிக்கொண்டேன். ஆமாம், நான்தான். இருக்கை உயரத்தைக்கூட மாற்றத் தெரியாமல், கால் எட்டாமல், திறந்த ஜன்னலுக்கு முன்னால் பனிக்காற்றில் உன் அப்பா பெயரில் மிதித்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து "மெதுவாப் போடி, நான் அவ்வளவு வேகம் இல்லை" என்று கேலி செய்தார். இருவரும் சிரித்தோம். நீ வரும்வரைதானே என்றுதான் இருந்தது.

நீ என்ன செய்தாய்? "அப்பா, உங்க இதயம் ஐம்பது வயசுக்காரர் இதயம் மாதிரி வேலை செய்யுது! இனி எனக்குக் கவலையே இல்லை. புத்தாண்டுக்கு வரலைப்பா, இங்க ஒரு சைக்கிள் போட்டி இருக்கு, அங்க கோடை வந்ததும் வர்றேன்" என்றாய். அவர் "நல்லதுடா, நல்லா ஓட்டு" என்று போனை வைத்துவிட்டு, உன் அறைக்குள் போய், சில்லிட்ட தரையில் அந்தச் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இப்போதும் உன்னிடம் சொல்லக்கூடாதாம், போட்டி கெட்டுவிடுமாம். எனக்கு அவர்மேலும் கோபம், உன்மேலும் கோபம். அவ்வளவு தூரத்திலிருந்து துடிப்பை எண்ணத் தெரிந்த உனக்கு, ஒருநாளாவது போன் திரையில் அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே. எவ்வளவு இளைத்துவிட்டார் தெரியுமா. புத்தாண்டுக்கு உன் நமஸ்காரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று, நீ வரமாட்டாய் எனத் தெரிந்தும், இன்று முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார்.

இன்று காலை ஜன்னலைச் சாத்திவிட்டு, உன் அறைக்கு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். தரை சூடேறிவிட்டது. சைக்கிளைச் சுவரோரம் தள்ளி, அது நின்ற இடத்தில் உன் படுக்கையை விரித்திருக்கிறேன். பட்டையைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று, இனி கட்டமாட்டேன். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் உன் போன் திரை பல நாள் காலியாக இருந்திருக்கும், நீயும் பதறிக் கூப்பிட்டிருப்பாய், உன் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். நம்பாதே. மறுபடியும் போன் செய்யாதே. புறப்படு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. கனத்த கோட்டு உன்னிடம் இல்லையென்றால் கவலைப்படாதே, அப்பாவுடையது ஆணியில்தான் தொங்குகிறது.

நீ பாராட்டிய இதயத்துக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா