வாய் மூடி எடுத்த நாடி

பழுகாமம்

அன்பு மகள் தனுஷாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் குறட்டை எங்கள் இருவரையும் விடச் சுகம். நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும், உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் அந்த ஆளும் நலமாயிருக்கக் கண்ணகை அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். முக்கியமான செய்தியை முதலில் சொன்னால் மிச்சத்தை நீ படிக்கமாட்டாய், அதனால் கடைசியில்தான் சொல்வேன்.

உன் பிள்ளைப்பேற்றுக்கு நான் விமானம் ஏறுவதற்கு என் நெஞ்சுதான் குறுக்கே நின்றது. கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் நாடி நூறைத் தாண்டியது. சும்மா இருக்கும்போதே இதயம் இப்படி ஓடினால் காலப்போக்கில் மாரடைப்பு மாதிரி வருத்தங்கள் வரும் ஆபத்து அதிகம், இது அடங்கும்வரை பயணத்தை நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். என் அண்ணன் சாமித்தம்பி வயல் வட்டைக்குள் வேலையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது நினைவுக்கு வந்தது. உன் அப்பாவோ, உன்ட நெஞ்சுக்குள்ள கூத்து மத்தளம் அடிக்கிறாங்க புள்ள என்று சிரித்தார், சிரித்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் கண்ணைத் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நான் கிளினிக்குக்குப் போகும் அழகு உனக்குத் தெரியும்தானே, வாசலுக்கு வாசல் நின்று கதைத்துவிட்டு, வாவியைக் கடக்கும் பாதைப்படகு கரையை விட்டு நகரும் நேரம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறுவேன், நான் ஏறியதும் எல்லாரும் மறுபக்கம் ஒதுங்குவார்கள், பாரம் சரிவர வேண்டுமே. அக்கரையில் நம்பர் எடுக்க இன்னொரு ஓட்டம். மூச்சிரைக்க அப்படியே போய்க் கையை நீட்டினால் நூறு என்ன, இருநூறும் காட்டும். கிளினிக் தாதி நிஸ்மியா மிஸிதான் இதைக் கண்டுபிடித்தாள். ஓடி வந்து எடுத்தா அது கணக்கில்ல அம்மா, அந்த ஃபேனுக்குக் கீழ வாயத் தொறக்காம கொஞ்சம் இருங்க என்று இருத்திவிட்டாள். பக்கத்தில் யார் தெரியுமா, மகளின் கலியாணம் குழம்பிய கதையோடு நாகரெத்தினம் மச்சாள்! எப்படிக் குழம்பியது என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. தாலி கட்டிய நாளிலிருந்து நான் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததில்லை என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

அன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு. பயமில்லை, ஆனால் இன்னும் இறங்கினால் நல்லது, வெற்றிலையோடு போடும் புகையிலையை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னார் டொக்டர். புகையிலையை விட்டேன் மகள், விட்ட கிழமை அப்பா என்னிடம் பட்ட பாட்டை அவரிடமே கேள். விடியற்காலையில் வாவிக்கரையால் பக்கத்து வீட்டு றஜிதாவோடு நடக்கிறேன், நாகரெத்தினம் வீட்டுக் கதை முழுவதும் அவளிடம் இருந்தது. முந்தநாள் வாய் மூடி இருந்து எடுத்தோம், எழுபத்தெட்டு! போயிட்டு வாங்க அம்மா என்று டொக்டர் சொன்னதும் நான் துள்ளி எழும்பினேன், மிஸி விளையாட்டுக்குக் கையைப் பிடித்துப் பார்த்தாள், நூற்றுப்பத்து. இத எழுதப்படாது டொக்டர், இது பேரப்பிள்ளைட கணக்கு என்று அவள் சொல்ல, அந்த வரிசை முழுவதும் சிரித்தது.

ஆகவே நான் வருகிறேன். நீயும் பிள்ளையும் ஈருயிராய்ப் பிரிந்து நலமாய் இருக்க என் ஆசி. ஒன்றை மட்டும் மறவாதே, உன் பிரசவ அறைக்கு வெளியே நான் நிற்கும்போது ஒருவரும் என் நாடியைப் பிடிக்கக் கூடாது என்று அங்குள்ளவர்களிடம் இப்போதே சொல்லிவை.

உன் வாயாடி அம்மா,
இலட்சுமிப்பிள்ளை